வேலையை விடச் சொன்ன தீர்க்கதரிசனம்: எப்படிச் சோதிப்பது?

சகோதரரே, கடலூர் முதுநகர் உபவாச ஜெபத்தில் வெளியூர் ஊழியர் ஒருவர் ஏசாயா 43:19-ஐ ("இதோ, நான் புதிய காரியத்தைச் செய்கிறேன்") வாசித்து, "சிப்காட் வேலையை விட்டு ஊழியத்துக்கு வா" என்றதாகவும், வீட்டுக்கடன் பாக்கி இருப்பதால் உங்கள் மனைவி பயப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இப்போதைக்கு ராஜினாமா கடிதம் கொடுக்காதீர்கள்.

முதலில் அந்த அதிகாரத்தை முழுசா உட்கார்ந்து வாசியுங்கள். 14-ஆம் வசனத்திலேயே பாபிலோன் வருகிறது. "புதிய காரியம்" என்பது சிறைப்பட்டுப்போன இஸ்ரவேலுக்குச் சொன்ன விடுதலை. வசனத்தைப் பிய்த்தெடுத்தால் என்ன ஆகும்? மத்தேயு 4:6-ஐயும் சங்கீதம் 91:11-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இயேசுவைச் சோதித்தபோது பிசாசு வேதவசனத்தைத்தான் சொன்னான். "உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கும்படி" என்பதை மட்டும் விட்டுவிட்டான்.

அதற்காக அந்த ஊழியரைப் பொய்யர் என்று முடிவுகட்டவும் வேண்டாம். தீர்க்கதரிசனத்தை அற்பமாய் எண்ணாதே, ஆனால் சோதித்துப்பார் என்கிறது 1 தெசலோனிக்கேயர் 5:20-21. நிதானிப்பது கேட்கிற மற்றவர்களின் பொறுப்பு (1 கொரிந்தியர் 14:29). ஆகவே போதகர், சபை மூப்பர் ஒருவர், உங்கள் மனைவி, மூவரிடமும் அவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்.

பலர் தடுமாறுவது இங்கேதான்: தெரிந்த கட்டளையைக் கிடப்பில் போட்டுவிட்டுத் தெரியாத சித்தத்தைத் தேடுவார்கள். யோவான் 7:17-ன்படி, தேவசித்தத்தைச் செய்ய மனதுள்ளவனுக்கே அறிவு கிடைக்கிறது. எபிரெயர் 5:14 பகுத்தறிதல் பயிற்சியால் வரும் என்கிறது. மாதத் தவணையைத் தவறாமல் கட்டுங்கள். யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால் போய் ஒப்புரவாகுங்கள். ஞாயிறு மாலைகளில் சபை ஊழியத்தில் கைகொடுங்கள். கொரிந்துவில் பவுலே கூடாரம் செய்துகொண்டுதான் பிரசங்கித்தார்.

"உடனே விடாவிட்டால் சாபம்" என்று அந்த ஊழியர் மிரட்டியிருந்தால், அதையும் போதகரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.