கயா சிராத்தத்துக்குப் போகிறவர்கள் புத்தகயாவில் எதைப் பார்ப்பது?

கேள்வி: வரும் தை மாதம் அப்பாவின் சிராத்தத்துக்காக அம்மாவுடன் கயாவுக்கும் அங்கிருந்து காசிக்கும் போகிறேன். புத்தகயாவுக்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறோம். அங்கே தாய்லாந்து, ஜப்பான், பூட்டான் என்று நாட்டுக்கு ஒரு கோவில் இருக்கிறதாம். இவற்றுக்குள் என்ன வேறுபாடு? எதைப் பார்ப்பது, எதை விடுவது? சிராத்தம் முடித்த கையோடு அங்கே போகலாமா என்று அம்மா தயங்குகிறார். (திருநெல்வேலி வாசகர்)

பதில்: முதலில் அம்மாவின் தயக்கத்தைப் பார்த்துவிடுவோம். தாராளமாகப் போகலாம். கயாவில் பிண்டம் இடும் வேதிகளின் வரிசையிலேயே போதி மரமும், அதன் சுற்றுப்புறத்திலுள்ள தர்மாரண்யமும் மதங்கவாபியும் உண்டு. விரிவாகச் சிராத்தம் செய்யும் வடநாட்டுக் குடும்பங்கள் அங்கும் போய்ப் பிண்டம் இடுகின்றன.

இறந்தவருக்காக ஏதேனும் செய்ய வேண்டும் என்ற தவிப்பு பௌத்தர்களுக்கும் புதிதன்று. இலங்கையில் ஒருவர் இறந்தால் ஏழாம் நாளிலும், மூன்றாம் மாதத்திலும், ஆண்டு நிறைவிலும் பிக்குகளுக்கு அன்னதானம் செய்து, அந்தப் புண்ணியத்தை இறந்தவருக்குச் சேர்ப்பிக்கிறார்கள். பிக்குகள் பாலி மொழியில் ஓதும்போது, கிண்ணம் நிரம்பி வழியும்வரை குடும்பத்தார் நீர் வார்ப்பார்கள். சீனர்கள் தங்கள் நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் முன்னோரை நினைக்கிறார்கள். ஜப்பானியர்கள் ஓபோன் பண்டிகைக்கு ஊர் திரும்பிக் கல்லறைகளில் விளக்கு வைக்கிறார்கள். எள்ளும் நீரும் இறைத்துவிட்டு வரும் உங்கள் அம்மாவுக்கு இவையெல்லாம் எளிதில் புரியும்.

ஆனால் "எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லி வேறுபாட்டை மழுப்பிவிடாதீர்கள். புத்தர் மறுபிறவியை ஏற்றார். பிறவிக்குப் பிறவி மாறாமல் செல்லும் ஆன்மா ஒன்று இருப்பதை ஏற்கவில்லை. ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றும்போது சுடர் தொடர்கிறது, பொருள் எதுவும் இடம் மாறுவதில்லை; பிறவியும் அப்படித்தான் என்று பௌத்தர்கள் விளக்குவார்கள். புத்தர் திருமாலின் அவதாரம் என்று நம்மில் பலர் நம்புகிறோம். பௌத்தர்கள் அதை ஏற்பதில்லை. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அம்பேத்கர் பௌத்தம் தழுவியபோது எடுத்த 22 உறுதிமொழிகளில் அந்த நம்பிக்கையின் மறுப்பும் ஒன்று. மகாராஷ்டிரத்திலிருந்து அவர் வழி வந்தவர்கள் திரளாகப் புத்தகயாவுக்கு வருகிறார்கள். அவர்கள் காதுபட "எங்கள் பெருமாள்தானே இவர்" என்று பேசாமல் இருப்பதே மரியாதை.

அப்படியென்றால் அந்தப் போதி மரத்தடியில் நடந்தது என்ன? சித்தார்த்தர் கடும் தவத்தால் உடலை வாட்டிப் பார்த்து, அதனால் பயனில்லை என்று விட்டுவிட்டு, இங்கே அரச மரத்தின் கீழ் அமர்ந்தார். துன்பம் காரணமின்றி வருவதில்லை. அறியாமையில் தொடங்கி வேட்கை, பற்று என்று பன்னிரண்டு கண்ணிகள் ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றி, பிறப்பிலும் மூப்பிலும் சாவிலும் வந்து நிற்கிறது. காரணம் அற்றால் விளைவும் அறும். இதுவே அவர் கண்ட உண்மை. இந்தப் பன்னிரு சார்புகளையும் பேதைமை, செய்கை, உணர்வு என்று நல்ல தமிழில் அடுக்கிச் சொல்வது மணிமேகலையின் கடைசிக் காதை. புறப்படும் முன் அதை உரையோடு ஒரு முறை படித்துவிடுங்கள். வழிகாட்டி சொல்லும் கதைகளைவிட அது பயன்படும்.

இனி நாட்டுக் கோவில்கள். அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் போதி மரத்தை ஒட்டியுள்ள மகாபோதி கோவிலுக்கு விடியற்காலையில் போய், மரத்தைச் சுற்றி யார் என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். பௌத்தத்தின் பெரும் மரபுகள் எல்லாம் அங்கேயே கண்முன் இருக்கும்.

வெள்ளை உடுத்தி, தாமரை ஏந்தி, "புத்தம் சரணம் கச்சாமி" என்று மும்முறை சொல்பவர்கள் பெரும்பாலும் இலங்கையர். இது தேரவாதம். சரணத்தை அடுத்து ஐந்து சீலங்களை ஏற்பார்கள்: கொல்லாமை, களவு செய்யாமை, காமத்தில் நெறி தவறாமை, பொய் பேசாமை, மது அருந்தாமை. அசோகரின் மகன் மகிந்தர் கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் இலங்கைக்குக் கொண்டுசென்ற மரபு இது. வாய்மொழியாக இருந்த பாலி நூல்கள் முதலில் எழுத்தில் ஏறியதும் இலங்கையில்தான். தாய்லாந்தும் மியான்மரும் பின்பற்றுவதும் இதே மரபு. இந்தப் பிக்குகள் நண்பகலுக்குப் பிறகு உணவு உண்பதில்லை. ஆகவே அம்மா தானம் செய்ய விரும்பினால் முற்பகலிலேயே செய்துவிடட்டும். பெண்கள் பிக்குகளைத் தொடுவதில்லை. கொடுப்பதைத் தட்டிலோ துணியிலோ வைத்தால் எடுத்துக்கொள்வார்கள்.

தை மாதக் குளிரில் திபெத்தியர்கள் ஏராளமாக இருப்பார்கள். கருஞ்சிவப்பு ஆடை, கையில் சுழலும் மந்திர உருளை, வெண்ணெய் விளக்குகள். மரப்பலகைகளை விரித்து, நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்து நூற்றுக்கணக்கில் வணங்குவார்கள். வயதானவர்களும் அப்படி விழுந்து எழுவதைப் பார்த்தால் மனம் கனிந்துவிடும். இது வஜ்ரயானம், மந்திரமும், மண்டலம் எனப்படும் தியான வரைபடமும், குருவின் தீட்சையும் இதன் உயிர்நாடி. நாலந்தாவிலும் விக்கிரமசீலத்திலும் கற்பிக்கப்பட்டது 8-ஆம் நூற்றாண்டு முதல் இமயம் தாண்டிப் போய் அங்கே நிலைத்தது. இங்கே அந்தப் பல்கலைக்கழகங்கள் அழிந்த பிறகு, அவற்றின் பாடங்களைத் திபெத்திய மொழியில் காப்பாற்றி வைத்தவர்கள் இவர்கள். காஞ்சியில் பிறந்த தர்மபாலர் நாலந்தாவுக்குத் தலைமை தாங்கியவர் என்று யுவான் சுவாங் எழுதியிருக்கிறார். அந்த வகையில் திபெத்தியர்கள் காத்த செல்வத்தில் நமக்கும் பங்கு உண்டு.

சீனா, கொரியா, ஜப்பான், வியட்நாம் நாட்டவர் மகாயானத்தார். தன் விடுதலையோடு நின்றுவிடாமல், எல்லா உயிர்களும் கரையேறத் துணைநிற்கும் போதிசத்துவரே அவர்களுடைய இலட்சியம். மத்திய ஆசிய வணிகப் பாதை வழியாக இந்த மரபு சீனாவை அடைந்தது.

ஆக, உங்கள் நாளில் பாதியை மகாபோதிக்கே கொடுங்கள். மீதியில் மூன்று இடங்கள் போதும்: தேரவாதத்துக்குத் தாய்லாந்துக் கோவில், மகாயானத்துக்கு ஜப்பானியக் கோவில், வஜ்ரயானத்துக்குப் பூட்டான் மடாலயம். பூட்டான் மடாலயச் சுவர்களில் புத்தரின் வாழ்க்கை களிமண் புடைப்புச் சிற்பங்களாக இருப்பதால் அம்மாவுக்குக் கதை சொல்ல எளிது. 1989-இல் திறக்கப்பட்ட 80 அடிப் புத்தர் சிலையும் அந்தப் பக்கம்தான். இந்தக் கோவில்கள் பலவும் நண்பகலில் நடை சாத்துவதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

மகாபோதி கோவிலுக்குள் கைப்பேசி கொண்டுபோக முடியாது. 2013-இல் அங்கே நடந்த குண்டுவெடிப்புக்குப் பின் வந்த கட்டுப்பாடு. வெளியே ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். நம் கோவில்களைப் போலவே வலமாகத்தான் சுற்ற வேண்டும். மரத்தின் இலையைப் பறிக்கக் கூடாது. தானாக உதிர்ந்ததை எடுத்துக்கொள்ளலாம். கோவில் நிர்வாகத்தைப் பற்றிய விவாதம் காதில் விழக்கூடும். 1949 சட்டப்படி அமைந்த குழுவில், தலைவர் நீங்கலாக, இந்துக்கள் நால்வர், பௌத்தர்கள் நால்வர். நிர்வாகத்தை முழுமையாகப் பௌத்தர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 2025-இல் பிக்குகள் போராடினார்கள். தங்கள் மதத்தின் தலையாய இடத்தைத் தாங்களே நடத்த விரும்புவதை நான் நியாயமான கோரிக்கையாகவே பார்க்கிறேன்.

கயாவிலிருந்து புத்தகயா ஏறத்தாழ 15 கிலோமீட்டர், ஆட்டோ கிடைக்கும். தை மாதத்தில் பனிமூட்டத்தால் ரயில்கள் தாமதமாகும்; காசிக்குப் போகும் நாளில் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். காசியில் இருக்கும்போது சாரநாத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். புத்தர் ஞானம் பெற்றது புத்தகயாவில். துன்பம், அதன் காரணம், அதன் நீக்கம், நீக்கும் வழி என்ற நான்கு உண்மைகளை ஐந்து துறவிகளுக்கு முதன்முதலில் சொன்னது சாரநாத்தில். காசியிலிருந்து 10 கிலோமீட்டர்தான். நம் அரசுச் சின்னத்துக்கு மூலமான அசோகர் தூணின் உச்சியிலிருந்த சிங்கச் சிற்பம் அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை. வேறு நாளில் போங்கள்.