சிவப்பு இதயத் தட்டு வாங்கலாமா?

கேள்வி: அமெரிக்கப் பாடகர் பாபி கால்ட்வெல்லின் ‘வாட் யூ வோன்ட் டூ ஃபார் லவ்’ என்றால் என் கணவருக்கு உயிர். கல்யாண நாளுக்குப் பரிசாகத் தரலாம் என்று தேடினேன். அமெரிக்க விற்பனையாளர் ஒருவர் அதை சிவப்பு நிறத்தில், இதய வடிவ ரெக்கார்டாக விற்கிறார். ‘ஒரிஜினல், வெரி குட்’ என்று போட்டிருக்கிறார். ஒரே பாட்டுக்கு இவ்வளவு விலையா என்று யோசனையாக இருக்கிறது. எங்கள் டர்ன்டேபிள் ஆட்டோமேட்டிக், பொத்தானை அழுத்தினால் ஊசி தானே இறங்கும். அதில் ஓடுமா?
— வாசகி, திருச்சி

பதில்: கையால் ஊசியை வைத்தால் ஓடும். ஆட்டோமேட்டிக் பொத்தானை மட்டும் அழுத்திவிடாதீர்கள். பல வருஷத்துக்கு முன், வட்டமாக இல்லாத ஒரு வடிவத் தட்டில் நான் அந்தத் தப்பைச் செய்தேன். வட்டத் தட்டின் விளிம்பு இருக்கவேண்டிய இடத்தில் ஊசி இறங்கியது. அங்கே தட்டே இல்லை, ரப்பர் விரிப்புதான் இருந்தது. தட்டின் நீட்டிக்கொண்டிருந்த முனை சுற்றி வந்து ‘டக்’ என்று ஊசியில் மோதியது. நான் ஓடிவந்து தூக்குவதற்குள் நாலைந்து அடி. தட்டுக்குப் பெரிய சேதமில்லை, புது ஊசிக்குத்தான் தண்டம் அழுதேன். உங்கள் தட்டிலும் பாட்டு இருப்பது நடுவில் உள்ள வட்டத்தில் மட்டும்தான். லிவரால் ஊசி பொருத்திய கையை உயர்த்தி, அந்த வட்டத்தின் தொடக்கத்துக்கு நேராகக் கொண்டுவந்து மெதுவாக இறக்குங்கள்.

விலை விஷயம் அன்றைக்கே அப்படித்தான். பாட்டு வந்தது 1978இல். மயாமியைச் சேர்ந்த டி.கே. ரெக்கார்ட்ஸ் இந்த இதயத் தட்டுக்கு வைத்த விலை 7.98 டாலர். அது கிட்டத்தட்ட பல பாட்டுகள் கொண்ட ஒரு முழு எல்.பி.யின் விலை! அதே கம்பெனிதான், பாடுபவர் வெள்ளைக்காரர் என்று தெரிந்தால் கறுப்பின வானொலிகள் பாட்டைப் போடாமல் விட்டுவிடுமோ என்று பயந்து, ஆல்பத்தின் உறையில் அவரை வெறும் நிழலுருவமாகக் காட்டியது. முகத்தை மறைத்து விற்கத் தெரிந்தவர்களுக்கு வடிவத்தைக் காட்டி விற்கத் தெரியாதா? 1979இல் பாட்டு அமெரிக்காவின் பாட்டுத் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100இல் 9ஆம் இடம் வரை போனது. ஆக, நீங்கள் கொடுக்கப்போகும் பணத்தில் பெரும்பங்கு அந்த வடிவத்துக்குத்தான். பரிசு என்பதால் அது எனக்குத் தப்பாகப் படவில்லை.

என்னை உறுத்துவது ‘வெரி குட்’தான். பழைய ரெக்கார்டு வியாபாரத்தில் அது பாராட்டே இல்லை. தரவரிசையின் உச்சியிலிருந்து மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ் என்று மூன்று படி இறங்கினால்தான் வெரி குட் வரும். கீறல் கண்ணுக்குத் தெரியும். பாட்டு அடங்கி ஒலிக்கும் இடங்களில் சரசரப்பும் காதில் விழும். சுவரில் மாட்ட அது போதும். கேட்பதற்கென்றால் குறைந்தது வெரி குட் பிளஸ் தேடுங்கள்.

பணம் கட்டும் முன் மூன்று படங்கள் கேளுங்கள். விளக்கைச் சாய்த்துப் பிடித்து எடுத்த தட்டின் படம், இதயத்தின் கூர்முனையின் படம் (முதலில் சில்லு பெயர்வது அங்கேதான்), லேபிளுக்கு வெளியே மொட்டையாக உள்ள பகுதியில் பொறித்திருக்கும் எண்ணின் படம். அந்த எண்ணை, ரெக்கார்டுகளின் விவரங்களைத் தொகுத்துவைத்திருக்கும் டிஸ்காக்ஸ் இணையதளத்தின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். லேபிளில் 1978 என்று இருப்பதை மட்டும் நம்பவேண்டாம். மறுபதிப்பிலும் பழைய காப்புரிமை ஆண்டையே அச்சிடுவார்கள். தட்டு வளைந்திருக்கிறதா என்று பார்க்க, சுற்றும்போது பக்கவாட்டில் எடுத்த சின்ன வீடியோவும் கேட்கலாம். இதற்கெல்லாம் சலித்துக்கொள்ளும் விற்பனையாளர் வேண்டவே வேண்டாம். தபால் செலவும் சுங்க வரியும் தனி.

பாட்டுதான் முக்கியம் என்றால் அந்த நிழலுருவ உறை போட்ட எல்.பி.யை வாங்குங்கள். பாட்டு முழு நீளத்தில் அதில் இருக்கிறது.

கேள்வி: எழுபதுகளின் ஆங்கிலப் பாட்டு ஒன்றைக் காசு கொடுத்து டவுன்லோடு செய்தேன். பாடியது அதே பாடகர், ஆனால் குரலில் வயது தெரிகிறது. ஏமாந்துவிட்டேனா?
— வாசகர், மதுரை

பதில்: நீங்கள் வாங்கியது மறுபதிவாக இருக்கும். பழைய ஒலிப்பதிவு பெரும்பாலும் கம்பெனியின் சொத்து. அதனால் பாடகர்கள் பலர் பிற்காலத்தில் அதே பாட்டை மறுபடி பாடி, தங்கள் உரிமையில் விற்கிறார்கள். சட்டப்படி குற்றமில்லை. ‘ரீ-ரெக்கார்டட்’ என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், சில சமயம் அதுவும் இருக்காது. அடுத்த முறை பாட்டின் நீளத்தையும் ஆண்டையும் பாருங்கள். மாதிரித் துண்டைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். மறுபதிவு என்று சொல்லாமல் விற்றிருந்தால் உடனே பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதுங்கள்.