சின்ன பாக்கெட் போகிறது, பெரிய பாக்கெட் போகவில்லை

வணக்கம். இணையத்தில் ஒரு செய்தி பிரியும் சிறு துண்டுகளான பாக்கெட்டுகள் ஆளுக்கொரு பாதையில் போய்க் கடைசியில் ஒன்றுசேர்கின்றன என்று படித்திருக்கிறேன். வீட்டு ஃபைபர் இணைப்புக்குப் புது ரௌட்டர் வைத்ததிலிருந்து யூட்யூப் ஓடுகிறது, பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) போகிறது. ஆனால் வங்கித் தளமும் வேறு சில தளங்களும் சுற்றிக்கொண்டே நிற்கின்றன. மொபைல் டேட்டாவில் அவையே உடனே திறக்கின்றன. சேவை நிறுவனத்தைக் கேட்டால் ஸ்பீடு சரியாக இருக்கிறது என்கிறார்கள். என் பாக்கெட்டுகள் ஏதோ ஒரு பாதையில் தொலைகின்றனவா?
ச.

அன்புள்ள ச.,

தொலைகின்றன. ஆனால் பாதையால் அல்ல, அளவால்.

முதலில் அந்தப் பாதை விஷயம். 1960களில் பால் பேரன் போன்ற ஆய்வாளர்கள் யோசித்த வலைப்பின்னலில் ஒவ்வொரு துண்டும் அந்த நேரத்தில் கிடைத்த வழியில் போகலாம். இன்றைய ரௌட்டர்கள் வேண்டுமென்றே அப்படிச் செய்வதில்லை. இரு முனைகளின் முகவரிகள், போர்ட் எண்கள், புரோட்டோகால் ஆகிய ஐந்தையும் வைத்துக் கணக்கிட்டு, ஒரே இணைப்பின் பாக்கெட்டுகளை ஒரே வழியில்தான் அனுப்புகின்றன. முன்பின்னாக வந்தால், பாக்கெட்டுகளை வரிசையாகச் சேர்க்கும் டிசிபி என்ற நெறிமுறை குழம்பும்: ஒரே ஒப்புகை ('இதுவரை வந்தது' என்ற பதில்) மூன்று முறை திரும்ப வந்தால் பாக்கெட் தொலைந்துவிட்டதென்று முடிவுகட்டி, வேகத்தைக் குறைத்துவிடும்.

இனி அளவு. ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை இருக்கலாம். ஐபி ஹெடருக்கு (முன்னால் ஒட்டும் முகவரி விவரம்) 20, டிசிபி ஹெடருக்கு 20 போக 1460 பைட் டேட்டா. உங்கள் கணினி இணைப்பைத் தொடங்கும்போதே 'எனக்கு 1460 வரை அனுப்பலாம்' என்று சர்வரிடம் சொல்லிவிடுகிறது. யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இயங்கும் பிபிபிஓஇ இணைப்பாக இருந்தால் அதன் ஹெடர் 8 பைட்டை எடுத்துக்கொள்ளும்; வழியில் 1492தான் நுழையும். இது உங்கள் கணினிக்குத் தெரியாது.

சர்வர் 1500 பைட் பாக்கெட்டை 'துண்டாக்காதே' என்ற குறியோடு அனுப்புகிறது. சேவை நிறுவனத்தின் ரௌட்டர் அதைக் கைவிட்டு, '1492க்குள் அனுப்பு' என்று ஐசிஎம்பி என்ற வகை அறிவிப்புச் செய்தியைச் சர்வருக்குத் திருப்புகிறது. அங்கே பாதுகாப்பு என்ற பெயரில் ஐசிஎம்பி மொத்தத்தையும் ஃபயர்வாலில் அடைத்துவைத்திருந்தால் செய்தி சேராது. சர்வர் அதே பாக்கெட்டை, காத்திருப்பை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்கி, திரும்பத் திரும்ப அனுப்பும். அடைப்பதென்றால் பிங்கை மட்டும் அடைக்கலாம். மேலே சொன்ன அளவுச் செய்தியை (வகை 3, குறி 4) அடைப்பது சுத்த அறியாமை.

அறிகுறிகள் இதோடு பொருந்துவதைப் பாருங்கள். இணைப்பு தொடங்கும் பாக்கெட்டுகள் சின்னவை, கடந்துவிடும். அடுத்து சர்வர் தன் சான்றிதழை அனுப்பும். அது பெரும்பாலும் சில ஆயிரம் பைட். அங்கேதான் நிற்கிறது. பிங் வழக்கமாக 32 அல்லது 56 பைட்தான் சுமக்கிறது. யூட்யூப் பெரும்பாலும் டிசிபிக்குப் பதிலான க்விக் என்ற நெறிமுறை வழியாக வருகிறது. அது 1200 பைட்டை ஒட்டிய அளவில் தொடங்கி, சோதித்துப் பார்த்த பிறகே கூட்டும். ஸ்பீடு டெஸ்ட்டின் சர்வர் ஐசிஎம்பியை மதிப்பதாக இருந்தால் அதுவும் நன்றாகவே வரும்.

உறுதிப்படுத்த, விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் பிங் என்பதோடு -எஃப் -எல் 1472 சேர்த்து (ஆங்கிலச் சிற்றெழுத்தில்) 1.1.1.1க்கு அனுப்புங்கள். 1472 உடன் ஐசிஎம்பி ஹெடர் 8, ஐபி ஹெடர் 20 சேர்ந்தால் 1500. இது போகாமல் 1464 போனால் உங்கள் வழியின் அளவு 1492 என்று பொருள். அதுவும் போகாவிட்டால் எட்டெட்டாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள்; போகிற எண்ணோடு 28ஐக் கூட்டினால் எம்டியு, அதாவது வழியில் நுழையும் மிகப் பெரிய பாக்கெட்டின் அளவு.

ரௌட்டர் அமைப்புகளில், இணைய இணைப்புக்கான 'வான்' பக்கத்தில் எம்டியுவை 1492 ஆக்கி, எம்எஸ்எஸ் கிளாம்பிங் என்ற தேர்வை இயக்குங்கள். பழைய ரௌட்டரில் இது தானாகவே இயங்கியிருக்கலாம். கடந்துபோகும் தொடக்கப் பாக்கெட்டில் 1460 என்றிருப்பதை ரௌட்டரே 1452 என்று திருத்திவிடும். சர்வர் பெரிய பாக்கெட்டை அனுப்பவே அனுப்பாது. தேர்வு இல்லையென்றால் கணினியின் நெட்வொர்க் அட்டைக்கு எம்டியு 1492 வையுங்கள். ஆனால் வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவியிலும் செய்ய வேண்டியிருக்கும்.

கிளாம்பிங் டிசிபிக்கு மட்டுமே உதவும். விபிஎன் பயன்படுத்தினால் அதன் உறைக்கும் இடம் விட வேண்டும்: வயர்கார்டு என்ற விபிஎன் 1500 பைட் வழியில் வழக்கமாக 1420 வைக்கும், உங்கள் இணைப்பில் 1412 வையுங்கள்.