ரிலீஃப் கொப்பியைத் திறந்து பாருங்கள்

கேள்வி: "புதிதாக உப அதிபராகப் பொறுப்பேற்றிருக்கிறேன். ஆசிரியர்களிடையே நல்ல மனநிலையையும் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் பழக்கத்தையும் எப்படித் தக்கவைப்பது?"

வாழ்த்துகள். திருகோணமலையில் ஒரு பாடசாலையில் பகுதித் தலைவராக இருக்கிறேன். வளவாளரைக் கூப்பிட்டு நேர்ச்சிந்தனைச் செயலமர்வு வைக்கும் யோசனை இருந்தால் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். அன்றைய பகல் நன்றாகத்தான் போகும், சோற்றுப் பார்சலும் நன்றாக இருக்கும். மறுநாள் காலை ரிலீஃப் துண்டு, அதாவது லீவில் நிற்பவரின் வகுப்பைப் போய்ப் பார்க்கச் சொல்லும் சீட்டு, கைக்கு வந்ததும் எல்லாரும் பழையபடி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

எனவே முதலில் அந்த ரிலீஃப் கொப்பியைத் திறந்து பாருங்கள். ஆசிரியருக்குக் கிடைக்கும் ஓய்வுப் பாடவேளை 40 நிமிடம்தான். கொப்பி திருத்த, ஒரு பிளேன்டீ குடிக்க, வீட்டுக்கு ஒரு கோல் எடுக்க எல்லாவற்றுக்கும் அதுதான் நேரம். யாராவது லீவு என்றால் அந்த 40 நிமிடம் போய்விடும். அது யாருடைய 40 நிமிடம் என்பதில்தான் சண்டையே. வாய் பேசாத இரண்டு மூன்று பேர் எல்லாப் பாடசாலையிலும் இருப்பார்கள், துண்டு அவர்களிடமே போய்க்கொண்டிருக்கும். எங்கள் பாடசாலையில், யாருக்கு இந்தத் தவணையில் எத்தனை ரிலீஃப் போனது என்ற பட்டியலை ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டத் தொடங்கினோம். பிரதி அதிபரின் பெயரும் அதில் உண்டு, அவரும் வகுப்புக்குப் போனார். குடும்பத்தில் பாகம் பிரிப்பது போலத்தான் இதுவும். கிடைத்தது குறைவு என்பதைவிட மற்றவனுக்குக் கூடிவிட்டது என்பதுதான் வயிற்றெரிச்சல். கணக்கு வெளியே வந்ததும் முணுமுணுப்பில் பாதி குறைந்தது. மீதிப் பாதி சம்பளத்தைப் பற்றியது, அதை நீங்களோ நானோ தீர்க்க முடியாது.

அடுத்தது சிவப்புக் கோடு. 7.30க்கு ஆசிரியர் வரவுப் பதிவேட்டில் கோடு விழத்தான் வேண்டும், பிந்தி வருபவர் அதற்குக் கீழேதான் கையெழுத்து வைக்க வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. எங்கள் பக்கத்தில் 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு படகுப் பாதைக்குக் காத்து நின்ற காலம் போய்விட்டது, ஆனால் மாரியில் பஸ் பிந்துவது போகவில்லை. நனைந்த சேலையோடு ஓடி வரும் டீச்சர் கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைக்கும்போது நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதை அலுவலகத்தில் நிற்கும் எல்லாரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். "பஸ் பிந்திட்டுதா? வகுப்பில பிள்ளைகளை இருத்தியாச்சு, முகத்தைத் துடைச்சிட்டுப் போங்கோ" என்று ஒருமுறை எங்கள் அதிபர் சொன்னதை இன்றைக்கும் கதைப்பார்கள். கோடு அழியவில்லை, கையெழுத்து கீழேதான் இருந்தது. வழக்கமாகப் பிந்துபவரைத் தனியே கூப்பிட்டுப் பேசுங்கள். வட்ஸ்அப் குழுவில் பொதுவாகப் போடும் "சிலர்" என்ற செய்தி, ஒழுங்காக வருபவரைத்தான் குத்தும்.

பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதும் சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறு வரும் கிழமை கவனம். உயர்தரத்துக்குப் போகக் கணிதமும் தாய்மொழியும் சித்தியடைய வேண்டும் என்பதால் பகுப்பாய்வுக் கூட்டத்தில் கணித ஆசிரியரை நடுவில் இருத்தி விசாரிப்பது வழக்கமாகிவிட்டது. தரம் 6இல் பின்னம் விளங்காமல் மேலே வந்த பிள்ளையை அவர் ஒருவர் பதினோராம் ஆண்டில் என்ன செய்வார்? கீழ் வகுப்பு ஆசிரியர்களையும் அதே மேசையில் இருத்துங்கள். கேள்வியை "எந்த இடத்தில் விட்டோம்" என்று வையுங்கள்.

புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு ஆக மோசமான வகுப்பைத் தலையில் கட்டுவதும் நம் ஊர் வழக்கம்தான். கல்வியியற் கல்லூரி முடித்து வந்த பிள்ளை ஒருத்தி ஒன்பதாம் வகுப்பை அடக்க முடியாமல் திணறினாள். மூத்த டீச்சர் ஒருவர் தன் ஓய்வு நேரத்தில் கொப்பிக் கட்டோடு போய்க் கடைசி வாங்கில் இருந்து திருத்தத் தொடங்கினார். பாடத்தில் தலையிடவில்லை, குறிப்பு எழுதவில்லை. பையன்கள் வாய் தானாக மூடிக்கொண்டது. சில கிழமைகளில் அவர் போவதை நிறுத்திவிட்டார், அதற்குள் அந்தப் பிள்ளைக்குக் குரல் வந்துவிட்டது.

பல மதத்தவரும் கலந்த ஆசிரியர் குழு என்றால் இன்னொன்று. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போகும் சேர்மாரின் (ஆண் ஆசிரியர்களின்) கடைசிப் பாடத்தை யார் பார்ப்பது, தைப்பொங்கலுக்கு முதல்நாள் யார் அதைத் திருப்பிச் செய்வது என்பதை அவர்களே பேசி முடிக்கட்டும். நிர்வாகம் நுழைந்து சுற்றறிக்கை பேசினால், சும்மா நடந்த காரியம் சலுகையாகிவிடும்.

அப்புறம், எதற்கும் குறை சொல்லும் ஒருவர் உங்களிடமும் இருப்பார். விலக்கி வைக்காதீர்கள். எங்கள் ஆளிடம் அந்த ரிலீஃப் பட்டியலை ஒப்படைத்தோம். போன கிழமை அதிபருக்கே துண்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்.