நொதி லேபில் சேரப் போகிறாயா? சேரும் முன் கேட்க வேண்டியவை

தம்பி, நொதி (என்சைம், அதாவது வேதிவினையை வேகப்படுத்தும் புரதம்) ஆராய்ச்சியில் பிஹெச்டி சேரப்போவதாக நீ எழுதிய கேள்வியை இரண்டு முறை படித்தேன். எந்தப் பல்கலைக்கழகம் பெரியது, எந்தப் பேராசிரியருக்குப் பேர் அதிகம் என்று கேட்டிருக்கிறாய். அந்த லேபுக்குள் தினமும் போய் என்ன செய்யப் போகிறாய் என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் அங்கிருந்துதான் தொடங்குவேன், ஏனென்றால் இந்தத் துறையைப் பாதியில் விட்டுவிட்டு என்னிடம் பேச வந்தவர்களில் பலருக்குப் பாடம் கஷ்டமாக இல்லை, அன்றாட வேலைதான் ஒத்துவரவில்லை.

அந்த வேலை இப்படித்தான் இருக்கும். முதல் நாள் சாயங்காலம், உனக்கு வேண்டிய நொதியைச் செய்யும் மரபணுவைப் புகுத்திய ஈ.கோலை பாக்டீரியாவைக் குடுவையில் போட்டு வளரவிடுவாய். மறுநாள் அது வேண்டிய அளவுக்குக் கலங்கியதும் அந்தப் புரதத்தைச் செய்யத் தூண்டும் ஐபிடிஜி என்ற வேதிப்பொருளைச் சேர்த்து, வெப்பநிலையை 37 டிகிரியிலிருந்து 18 டிகிரிக்கு இறக்கி இரவு முழுக்க விடுவாய். அதற்கடுத்த நாள் செல்களை உடைத்து, 4 டிகிரி குளிர் அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்று, நிக்கல் காலம் (வேண்டிய புரதத்தை மட்டும் பிடித்துவைக்கும் குழாய்) வழியாகப் புரதத்தைப் பிரித்தெடுப்பாய். புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டிப் பார்த்து ஒற்றைப் பட்டை தெரிந்தால் சந்தோஷப்படலாம், ஆனால் அது பாதிக் கிணறுதான். புரதம் கிடைத்துவிட்டது, அது நொதியாக வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி. குவெட் என்ற சின்னக் கண்ணாடிப் பாத்திரத்தில் எல்லாவற்றையும் கலந்து, ஒளி உறிஞ்சப்படுவதை அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் வைத்து, வினையில் செலவாகும் என்ஏடிஹெச் என்ற மூலக்கூறு குறைகிறதா என்று 340 நானோமீட்டர் ஒளியில் பார்ப்பாய். திரையில் கோடு கீழே சாய வேண்டும். சில நாள் சாயாது. பஃபர் கரைசலின் பிஹெச் (அமில-கார அளவு) தப்பா, உறையவைத்து உருக்கியதில் நொதி செத்துப் போய்விட்டதா, சேர்க்க வேண்டிய உலோக அயனியை விட்டுவிட்டோமா என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். இதைவிட மோசமான நாளும் உண்டு, நொதியே போடாத குவெட்டிலும் கோடு சாயும். அந்த வெறும் குவெட்டை ஓட்டிப் பார்க்காதவர் மாதக் கணக்கில் ஒரு பொய்யான எண்ணைத் துரத்திக்கொண்டிருப்பார்.

இப்படித் தேடுவது உனக்குப் பிடிக்குமா? அதைத்தான் நீ முதலில் உன்னிடமே கேட்க வேண்டும். ஜேம்ஸ் சம்னர் என்ற அமெரிக்க வேதியியலாளர் 1917-இல் வாளவரை விதையிலிருந்து யூரியேஸ் என்ற நொதியைப் பிரித்தெடுக்க உட்கார்ந்தவர், அது படிகமாகக் கையில் கிடைத்தது 1926-இல். பதினேழு வயதிலேயே இடது கையை இழந்தவர் அவர். படிகத்தைக் காட்டிய பிறகும் நொதி என்பது புரதம்தான் என்று பலர் ஒத்துக்கொள்ளவில்லை, நோபல் பரிசு வந்தது 1946-இல். உனக்கு ஒன்பது வருடம் ஆகும் என்று சொல்லவில்லை. ஆனால் ஆறு மாதம் ஒன்றும் நகராமல் இருப்பது இங்கே சாதாரணம், அதை உன் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதே.

சரி, லேபை எப்படித் தேர்ந்தெடுப்பது? பேராசிரியரிடம் பேசும் முன்போ பின்போ, அங்கே இப்போது இருக்கும் இரண்டு மாணவர்களிடமாவது தனியாகப் பேசு. அசே (நொதியின் வேலையை அளக்கும் சோதனை) ஓடவில்லை என்றால் யாரிடம் போவீர்கள், கைடை வாரத்துக்கு எத்தனை முறை பார்க்க முடிகிறது, முதல் பேப்பர் வர எத்தனை வருடம் ஆனது, முடித்துப் போனவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள். இந்த நான்கும் போதும். பதில் சொல்வதற்கு முன்னால் அவர்கள் தயங்கினால் அதையும் குறித்துக்கொள். பெரிய பெயருள்ள லேபில் யாருமே சொல்லித்தராமல் கிடப்பதைவிட, பக்கத்தில் நின்று பிப்பெட் பிடிக்கக் கற்றுத்தரும் சீனியர் இருக்கும் சிறிய லேப் முதல் இரண்டு வருடத்துக்கு நூறு மடங்கு நல்லது.

மெயில் எழுதும்போது 'எனக்கு ஆராய்ச்சியில் மிகுந்த ஆர்வம்' என்று தொடங்காதே, எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். அவருடைய சமீபத்திய பேப்பர் இரண்டைப் படித்து உண்மையாகவே உனக்குத் தோன்றிய ஒரு கேள்வியைக் கேள். உதாரணமாக, 'அந்த மியூட்டன்டில் கேஎம் அப்படியே இருக்க, கேகேட் மட்டும் பல மடங்கு குறைந்திருக்கிறது. பிஹெச்சை மாற்றி மாற்றி அளந்தால் அந்த அமினோ அமிலம் புரோட்டான் கொடுக்கிறதா என்று தெரியுமா?' இப்படி மூன்று வரி போதும், படித்துவிட்டு எழுதுகிறாய் என்பது தானாகத் தெரிந்துவிடும். மியூட்டன்ட் என்பது ஓர் அமினோ அமிலத்தை மாற்றிய நொதி, கேஎம் என்பது பாதி வேகத்தை எட்டத் தேவையான மூலப்பொருளின் அளவு, கேகேட் என்பது ஒரு நொதி மூலக்கூறு நொடிக்கு அதிகபட்சம் எத்தனை முறை வினை செய்யும் என்ற எண். இந்தக் கேள்வி புரிய, நொதியின் வேகத்தைப் பற்றி 1913-இல் மைக்கேலிஸும் மென்டனும் எழுதிய சமன்பாட்டை மனப்பாடமாக இல்லாமல், கையால் வரைந்து பார்த்துப் படித்திருக்க வேண்டும். கரைசலை நீர்க்கச் செய்யும் கணக்கும், பைத்தான் அல்லது ஆர் (R) என்ற கணினி மொழியில், அளந்த எண்களுக்கு வளைகோடு பொருத்துவதும் இப்போதே பழகிக்கொள்.

பிஹெச்டி முடித்த பிறகு செய்யும் போஸ்ட்டாக் ஆராய்ச்சி வேலை என்றால் கணக்கே வேறு. பிஹெச்டியில் வினைவேகம் அளந்தவர் அடுத்து புரத அமைப்போ, வேறொரு நுட்பமோ கற்றுத்தரும் இடத்துக்குப் போவது நல்லது, அதே வேலையை இன்னொரு ஊரில் செய்வதில் லாபமில்லை. சம்பளப் பணம் எத்தனை வருடத்துக்கு உறுதி, வெளியேறும்போது ஆராய்ச்சியின் எந்தப் பகுதியை எடுத்துப் போகலாம், இரண்டையும் சேரும் முன்பே எழுத்தில் கேள். ஐரோப்பாவின் மேரி கியூரி ஃபெலோஷிப் போன்றவற்றுக்கு உன்னை லேபில் ஏற்றுக்கொள்ளும் பேராசிரியரோடு சேர்ந்துதான் விண்ணப்பிக்க முடியும், அதனால் கடைசித் தேதிக்குப் பல மாதம் முன்னாலேயே பேச்சைத் தொடங்க வேண்டும்.

புரதத்தின் வடிவத்தை ஊகிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருள் வந்த பிறகு இந்த வேலையே இருக்காதே என்று அம்மா பயப்படுவதாக எழுதியிருந்தாய். அந்த வேலைக்கு 2024-இல் நோபல் கிடைத்தது உண்மை. ஆனால் ஒரு நொதி எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்பதைக் குவெட்டில்தான் இன்றும் அளக்கிறார்கள். நொதிகளைப் பரிணாமம்போல் மாற்றிச் செதுக்கும் வழிக்காக ஃபிரான்சஸ் ஆர்னால்டுக்கு 2018-இல் நோபல் கிடைத்தது. சிட்டாகிளிப்டின் என்ற சர்க்கரை நோய் மருந்தின் தயாரிப்புக்கு அப்படிச் செதுக்கிய நொதி ஒன்றை 2010-இல் வெளியிட்டார்கள். மருந்து, சோப்புத்தூள், உணவு என்று பல கம்பெனிகளுக்கு நொதி தெரிந்த ஆட்கள் வேண்டும். அம்மாவிடம் இதைச் சொல், அப்புறம் நீ தேர்ந்தெடுத்த பேப்பர் இரண்டையும், எழுதிய மெயிலையும் எனக்கு அனுப்பு, பார்த்துத் திருத்தித் தருகிறேன்.