எக்ஸ்மவுத்தில் கூடாரமும் தூண்டிலும்: புறப்படும் முன் முடிவு செய்ய வேண்டியவை

கேள்வி: நாங்கள் பெர்த்தில் வசிக்கிறோம். ஜூலைப் பள்ளி விடுமுறையில், 8 வயதும் 11 வயதும் ஆன இரண்டு பிள்ளைகளோடும், தூத்துக்குடியிலிருந்து வந்திருக்கும் 68 வயது அப்பாவோடும் எக்ஸ்மவுத் சென்று, ஒரு வாரம் கூடாரம் அடித்துத் தங்கி மீன் பிடிக்க விரும்புகிறோம். காரில் ஒரே நாளில் போய்ச் சேர்ந்துவிடலாமா? கடற்கரையில் விரும்பிய இடத்தில் கூடாரம் அடிக்கலாமா? மீன் பிடிக்க உரிமம் வேண்டுமா? கரையில் நின்றே சீலா (வஞ்சிரம்) பிடிக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அது நடக்குமா?

பதில்: உங்கள் கேள்விகளில் இரண்டாவதாக இருப்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வோர் இரவும் எங்கே தூங்கப் போகிறோம், அங்கே குடிக்கத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்ற இரண்டும் உறுதியாகாதவரை எக்ஸ்மவுத் பயணத்தில் வேறெதையும் முடிவு செய்ய இயலாது. தூண்டில், இரை, படகு எல்லாம் அதற்குப் பின்னர்தான்.

நில அமைப்பை மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். பெர்த்துக்கு வடக்கே ஏறத்தாழ 1,250 கி.மீ. தொலைவில், வடமேற்கு முனை என்ற நீண்ட நிலப்பகுதி கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் கிழக்கே எக்ஸ்மவுத் வளைகுடாவும், மேற்கே 2011-இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்ட நிங்கலூ பவளத்திட்டும் உள்ளன. அமெரிக்கக் கடற்படையின் தகவல் தொடர்பு நிலையத்துக்குத் துணையாக 1967-இல் உருவான எக்ஸ்மவுத் நகரம் வளைகுடாப் பக்கம் இருக்கிறது. கடைகள், மருத்துவமனை, எரிபொருள் எல்லாம் அங்கேதான். நீங்கள் படங்களில் பார்த்து ஆசைப்பட்டிருக்கும் நீலமும் பச்சையும் கலந்த கடலோ மலைத்தொடருக்கு அப்பால், மேற்குக் கரையில், கேப் ரேஞ்ச் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. முனையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருப்பதால், பூங்காவின் தென்கோடியில் உள்ள யார்டி கிரீக் நகரத்திலிருந்து ஏறத்தாழ 90 கி.மீ. தொலைவாகிவிடுகிறது.

விரும்பிய இடத்தில் கூடாரம் அடிக்க அனுமதி இல்லை. பூங்காவுக்குள் ஆஸ்ப்ரே விரிகுடா, குர்ராஜாங், மெசா, துல்கி போன்ற முகாம்கள் வரையறுக்கப்பட்டுள்ளன. அவற்றில் எண்ணிட்ட இடங்களை மாநிலப் பூங்காத் துறையின் இணையதளத்தில் முன்பதிவு செய்துகொண்டுதான் செல்ல வேண்டும். பதிவு 180 நாள்களுக்கு முன்பே திறந்துவிடும் என்பதால், ஜூலை முதல் வாரத்துக்கான இடங்கள் ஜனவரித் தொடக்கத்திலேயே விற்பனைக்கு வந்து, விடுமுறை நாள்களைப் பொறுத்தவரை மிக விரைவில் தீர்ந்துவிடுகின்றன. நீங்கள் இன்னும் பதிவு செய்யவில்லை என்றால் இந்தக் கட்டுரையை முடிக்கும் முன் அதைப் பார்த்துவிடுங்கள். இடம் இல்லையென்றால் ரத்தாகும் பதிவுகளுக்காக அன்றாடம் காலையில் ஒருமுறை தளத்தைப் பார்த்து வரலாம். நகரத்தில் உள்ள கேரவன் பூங்காக்களில் ஒரு வாரத்துக்கு இடம் பிடித்துக்கொண்டு, பகலில் மட்டும் மேற்குக் கரைக்குப் போய்வருவதும் நல்ல ஏற்பாடே.

உங்கள் அப்பாவையும் பிள்ளைகளையும் நினைத்துப் பார்க்கும்போது, பூங்காவில் இடம் கிடைத்தாலும் முழு வாரத்தையும் அங்கே கழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அந்த முகாம்களில் மின்சாரம் இல்லை, குளியலறை இல்லை, குடிநீர்க் குழாயும் இல்லை. குழிக் கழிப்பறை மட்டுமே உண்டு. விறகு மூட்டிச் சமைக்கத் தடை இருப்பதால் எரிவாயு அடுப்பு கட்டாயம். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்கவும் சமைக்கவும் குறைந்தது 5 லிட்டர் என்று கணக்கிட்டால், உங்கள் குடும்பத்தில் நீங்களும் துணைவரும் சேர்ந்து ஐந்து பேருக்கு மூன்று இரவுகளுக்கே 75 லிட்டருக்கு மேல் வேண்டும். பாத்திரம் கழுவவும் கை கால் அலம்பவும் ஆகும் தண்ணீர் இதில் சேரவில்லை. வந்ததும் முதல் இரண்டு இரவுகள் நகரத்தில் தங்கிக் களைப்பாறி, தண்ணீரும் பனிக்கட்டியும் நிரப்பிக்கொண்டு, நடுவில் மூன்று இரவுகள் பூங்காவில் கூடாரம் அடித்துவிட்டு, கடைசி இரவுக்கு மீண்டும் நகரத்துக்குத் திரும்பிக் குளித்துத் துணி துவைத்துக்கொண்டு புறப்படுவது ஐந்து பேருக்கும் இதமாக இருக்கும். ஜூலையில் பகல் வெயில் மிதமானதுதான். ஆனால் இரவில் பனிக்காற்று இருக்கும் என்பதால் பெரியவருக்குத் தடித்த மெத்தையும் கம்பளியும் தனியாக எடுத்துச் செல்லுங்கள். அங்குள்ள தரை சுண்ணாம்புப் பாறை. மெல்லிய முளைகள் வளைந்துவிடும். ஆகவே தடித்த எஃகு முளைகளும் சுத்தியலும் தேவை.

ஒரே நாளில் போய்ச் சேரும் எண்ணத்தைக் கைவிடும்படி அழுத்தமாகவே கேட்டுக்கொள்கிறேன். இடைவிடாமல் ஓட்டினாலே 13 மணி நேரம் ஆகும் அந்தச் சாலையில், ஜூலை மாதம் மாலை ஆறு மணி அளவில் இருட்டிவிடும். அந்த வேளையில்தான் கங்காருகளும் ஈமுக்களும், வேலியில்லாத பண்ணைகளின் மாடுகளும் சாலைக்கு வருகின்றன. வாடகைக் கார் என்றால், நகர எல்லைக்கு வெளியே இரவில் ஓட்டும்போது நேரும் விபத்துக்குக் காப்பீடு இல்லை என்ற விதி ஒப்பந்தத்தில் இருக்கக்கூடும். கையெழுத்திடும் முன் படித்துப் பாருங்கள். முதல் நாள் ஜெரால்ட்டன் வரை 420 கி.மீ., இரண்டாம் நாள் கார்னார்வன் வரை இன்னும் 480 கி.மீ., மூன்றாம் நாள் மினில்யாவில் இடப்பக்கம் பிரிந்து எக்ஸ்மவுத் வரை சுமார் 365 கி.மீ. என்று பிரித்துக்கொண்டால், ஒவ்வொரு நாளும் மாலை நான்கு மணிக்குள் வண்டியை நிறுத்திவிடலாம். கார்னார்வனைச் சுற்றி காஸ்கோயின் ஆற்றங்கரையில் வாழைத் தோட்டங்களும் காய்கறித் தோட்டங்களும் உள்ளன. வாரம் முழுவதற்குமான காய்கனிகளை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். எக்ஸ்மவுத்தில் எல்லாம் விலை கூடுதல். எரிபொருள் நிலையம் கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் தொட்டியை நிரப்பிவிடுங்கள். 50 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள சரக்கு வண்டித் தொடர்கள் அந்தச் சாலையில் ஓடுகின்றன. நீண்ட நேர்ச்சாலை தெளிவாகத் தெரியாதவரை அவற்றை முந்த முயலக் கூடாது.

இனி உரிமம். மேற்கு ஆஸ்திரேலியாவில் கரையில் நின்று தூண்டிலிடுவதற்கு உரிமம் தேவையில்லை. இயந்திரப் படகிலிருந்து பிடிப்பதற்குத்தான் தேவை. கட்டணப் படகில் பயணியாகச் செல்பவர்களுக்கு அந்த நிறுவனத்தின் உரிமமே போதுமா என்பதை முன்பதிவின்போது கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். உரிமம் தேவையில்லை என்பதால் விதியே இல்லை என்று பொருளாகாது. எந்த மீனை எந்த நீளத்துக்குக் குறையாமல், ஒரு நாளைக்கு எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்பது வகைக்கு வகை வேறுபடும். சீலா 900 மி.மீ., முகத்தில் நீலக் கோடுகளும் செதில்களில் நீலப் புள்ளிகளும் கொண்ட விளமீன் 410 மி.மீ. நீளத்துக்குக் குறைந்தால் உயிரோடு விட்டுவிட வேண்டும். நாள் வரம்புகள் அண்மை ஆண்டுகளில் அடிக்கடி மாற்றப்பட்டு வருகின்றன. ஆகவே நண்பர் சொன்னதையோ பழைய அட்டவணையையோ நம்பாமல், மாநில மீன்வளத் துறை வெளியிடும், எக்ஸ்மவுத் அடங்கிய காஸ்கோயின் கரைப் பகுதிக்கான நடப்பு விதிகளைப் புறப்படும் வாரத்தில் தரவிறக்கிக் கைப்பேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். பூங்காவின் பெரும்பகுதியில் கைப்பேசித் தொடர்பு கிடைக்காது.

விதிகளில் புதியவர்கள் பெரிதும் தடுமாறுவது காப்பு மண்டலங்களில்தான். நிங்கலூ கடல் பூங்காவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மீன்பிடிக்கு மூடப்பட்டது. உங்கள் கூடாரத்துக்கு எதிரே உள்ள கடலும் அப்படிப்பட்டதாக இருக்கக்கூடும். புகழ்பெற்ற டர்க்காய்ஸ் விரிகுடா முழுத் தடைக்குள் வருகிறது. வேறு சில இடங்களில் கரையிலிருந்து தூண்டிலிடலாம், ஆனால் படகிலிருந்து கூடாது. எல்லையைக் காட்டும் கம்பங்களும் பலகைகளும் கரையில் உண்டு என்றாலும், அவற்றை மட்டும் நம்பாமல் மில்யெரிங் பார்வையாளர் மையத்தில் நின்று வரைபடத்தைப் பெற்று, உங்கள் முகாமைக் காட்டி எங்கே தூண்டிலிடலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இதை நான் வெறும் அபராதத்துக்கு அஞ்சிச் சொல்லவில்லை. வெள்ளையும் சாம்பலுமாக விளமீன்கள் முழங்கால் அளவு நீரில் நம்மைச் சுற்றி வரும் காட்சி அங்கே இன்றும் காணக் கிடைப்பது, அந்த எல்லைகளைப் பலரும் மதித்து வந்திருப்பதால்தான். பிள்ளைகளுக்குத் தூண்டிலைக் கொடுக்கும் முன் இதை விளக்கிச் சொல்லுங்கள்.

அப்பாவின் சீலாவுக்கு வருகிறேன். அவர் தூத்துக்குடியில் பார்த்த அதே மீன் இனம்தான் நிங்கலூவிலும் இருக்கிறது என்பதால் அவருடைய ஆசை நியாயமானது. கரையிலிருந்து சீலா பிடிப்பவர்களும் உண்டு. கார்னார்வனுக்கு வடக்கே குவோபா பகுதியின் பாறை விளிம்புகளில் நின்று, பலூனில் கட்டிய இரையைக் காற்றில் வெளியே மிதக்க விட்டுப் பிடிக்கிறார்கள். ஆனால் அதே கரையில்தான், பேரலைகள் உயிரைக் குடிக்கும் என்று எச்சரிக்கும் பெரிய பலகை நிற்கிறது. கடல் நீண்ட நேரம் அமைதியாகத் தோன்றியபின் எதிர்பாராமல் எழும் ஓர் அலை, பாறை மேல் நிற்பவரை இழுத்துச் சென்றுவிடும். 68 வயதுக்காரரையும் சிறு பிள்ளைகளையும் அந்தப் பாறைகளுக்கு அழைத்துச் செல்ல வேண்டாம் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. மேற்குக் கரையில் பவளத்திட்டுக்கு உள்ளே இருக்கும் ஆழமற்ற நீரில் சீலா வருவது அரிது. அது திட்டுக்கு வெளியே, படகு ஓடும்போது பின்னால் இரையை இழுத்துச் சென்று பிடிக்கும் மீன். ஆகவே அரைநாள் கட்டணப் படகு ஒன்றில் அப்பாவுக்கு இடம் பதிவு செய்யுங்கள். சீலாவின் பற்கள் நைலான் நரம்பை அறுத்துவிடும் என்பதால் முனையில் கம்பி கட்ட வேண்டும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்காது. மாட்டிய மீனைப் படகுக்கு வரும் முன் சுறா கடித்துக்கொண்டு போவது அங்கே வழக்கமாகிவிட்டது. அப்படி நேர்ந்தால் இடத்தை மாற்றும்படி படகோட்டியிடம் கேட்பதில் தவறில்லை.

கரையில் நின்று பிடிக்க, பிள்ளைகளுக்கு ஏற்றது நகரத்துக் கிழக்குக் கரையின் மணல் திட்டுகளில் கிடைக்கும் கிழங்கான். சிறிய முள், இலேசான ஈயம், இறால் துண்டு, மெல்லிய நரம்பு, ஏறிவரும் ஓதம் ஆகியவை இருந்தால் போதும். மேற்குக் கரையில், அனுமதி உள்ள இடங்களில், விடியற்காலையில் பாறை மீன் வகைகளும் விளமீனும் மாட்டும். அங்கே 6 முதல் 10 கிலோ எடை தாங்கும் நரம்பும், பவளத்தில் உராய்ந்தாலும் அறுந்துபோகாத தடித்த முன்னரம்பும் வேண்டும். குளிர்காலத்தில் காலை வேளைகளில் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ வீசுகிறது. மலைத்தொடர் மறைப்பதால் மேற்குக் கரை அப்போது அமைதியாக இருக்கும். பிற்பகலில் தெற்குக் காற்று வலுக்கும் என்பதால், நீந்துவதையும் தூண்டிலிடுவதையும் நண்பகலுக்கு முன் முடித்துக்கொள்வது நல்லது. அன்றிரவு உண்பதற்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு, பிடித்த உடனே குருதியை வடித்துக் கடல்நீரும் பனிக்கட்டியும் கலந்த பெட்டியில் போடுங்கள். குடலையும் தலையையும் நீந்துமிடத்தில் வீசினால் சுறாக்களை வரவழைத்ததாகும்.

ஆபத்துகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீரில் எப்போதும் தடித்த அடியுள்ள காலணியோடு இறங்குங்கள். கல்மீனும் திருக்கையும் மணலோடு மணலாகக் கிடக்கும். முள் குத்திவிட்டால், தாங்கக்கூடிய அளவு சுடுநீரில் காலை அமிழ்த்தி, உடனே மருத்துவ உதவி தேட வேண்டும். பேத்தை மீன் அங்கே ஏராளம். அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது என்பதால் ஒருபோதும் உண்ணக் கூடாது. அழகான கூம்புச் சங்கையும், சிறிய நீல வளைய ஆக்டோபஸையும் பிள்ளைகள் கையில் எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டர்க்காய்ஸ் விரிகுடாவில் நீரோட்டம் நீந்துபவர்களை வடக்கே இழுத்துச் சென்று, மணல்முனையைத் தாண்டித் திட்டின் இடைவெளி வழியாக வெளிக்கடலுக்குக் கொண்டுபோகும் வலிமை உடையது. மணல்முனைக்கு முன்பே கரையேறிவிட வேண்டும். பிள்ளைகளைத் தனியே விடக் கூடாது.

அவசர உதவிக்கான எண் 000 என்றாலும், தொடர்பு இல்லாத இடத்தில் அதனால் பயன் இல்லை. செயற்கைக்கோள் வழியே இருப்பிடம் தெரிவிக்கும் 406 மெகாஹெர்ட்ஸ் மீட்புக் கருவி ஒன்றை வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ செய்யுங்கள். வாங்கினால் ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் இலவசமாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். எந்த நாளில் எந்த முகாமில் இருப்பீர்கள், எப்போது நகரத்துக்குத் திரும்புவீர்கள் என்பதைப் பெர்த்தில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். அப்பா அன்றாடம் எடுக்கும் மருந்துகளைத் திட்டமிட்ட நாள்களைவிட ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். மழை பெய்து சாலை மூடப்பட்டால் நகரத்திலேயே காத்திருக்க நேரும். வெளிநாட்டிலிருந்து வந்திருப்பவர் என்பதால் அவருடைய பயணக் காப்பீடு வான்வழி மருத்துவ வெளியேற்றத்தை உள்ளடக்கியதா என்பதையும், படகுப் பயணத்துக்கு விலக்கு ஏதும் இருக்கிறதா என்பதையும் இப்போதே காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.