மறதி நோய் உள்ளவரைக் கவனிக்க அன்பு போதாதா? பயிற்சி எதற்கு?

அன்பு வேண்டும்தான். ஆனால் நோய் மூளையில் என்ன செய்கிறது என்று தெரியாவிட்டால் அந்த அன்பு சீக்கிரமே களைத்துப்போகும். மறதி நோயில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமரில் பெரும்பாலும் புது நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதிதான் முதலில் பாதிக்கப்படுகிறது. அதனால்தான் 10 நிமிடத்துக்கு முன் கேட்டதையே அவர் மறுபடி கேட்கிறார். அதில் பிடிவாதம் ஏதுமில்லை. இது புரிந்தாலே "இப்பதானே சொன்னேன்!" என்ற எரிச்சல் பாதி அடங்கிவிடும்.

அவர் செய்வதற்குப் பின்னால் இருக்கும் தேவையைக் கண்டுபிடிப்பதுதான் பயிற்சியின் உயிர். 80 வயதில் ஒருவர் "அம்மா எங்கே?" என்கிறார். "அவங்க இறந்து ரொம்ப நாளாச்சே" என்று திருத்தினால், அந்தத் துக்கம் அவருக்கு இன்றுதான் நடந்ததுபோல் வரும். "அம்மா ஞாபகம் வந்துடுச்சா? அவங்களைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள், முகம் தெளியும். திடீரென்று குழப்பம் கூடினால் மட்டும் காத்திருக்காதீர்கள். சிறுநீர்த் தொற்று, வலி, மலச்சிக்கல், புது மருந்து என எதுவும் காரணமாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

குடும்பத்தாரின் களைப்பைப் பல பயிற்சிகள் அவசரமாகக் கடந்துவிடுகின்றன. எனக்கு அதில் வருத்தம் உண்டு. உதவி கேட்பதையும் கற்றுத்தரத்தான் வேண்டும். மறதி நோய் உள்ளவரைக் கவனிப்பவர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய 'ஐசப்போர்ட்' பாடங்களில் பராமரிப்பவரின் நலனுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அதிலிருந்து தொடங்குங்கள்.